மணல் தூவினால் பாலைவனம் ஆகுமா?

மேசை மேல் போர் நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. சதுரங்கம் போலக் கட்டங்கள் கிடையாது. பெரிய மேசையில் குன்று, சுவர், வீடு என்று ஒரு நிலத்தையே அமைத்து, விரல் உயர வீரர்களை அதில் நிறுத்தி, இன்ச் டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுவார்கள். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் இதற்கு விதிமுறைகளே எழுதி வைத்தார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் கொண்டுவந்த வார்ஹாமர், 1987இல் கொண்டுவந்த வார்ஹாமர் 40,000 ஆகிய ஆட்டங்களால் இன்று இது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆடுவது பாதி என்றால், வீரர்களை ஒட்டி, வண்ணம் தீட்டித் தயார் செய்வது மீதிப் பாதி. மினியேச்சர் என்று அழைக்கப்படும் அந்த வீரன் ஒவ்வொருவனும் ஒரு சிறு வட்டத் தட்டின் மேல் நிற்கிறான். அதற்குப் பெயர் பேஸ். அதன் குறுக்களவு 25 மில்லிமீட்டரோ 32 மில்லிமீட்டரோ இருக்கும். சின்னது நம் பத்து ரூபாய் நாணயத்தை விடவும் ஒரு நூல் சிறியது. அந்தத் தட்டில் ஒரு பாலைவனத்தை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எல்லோருக்கும் கைவரும் முறை ஒன்று இருக்கிறது. தட்டில் ஃபெவிகால் தடவு, மணலைக் கொட்டு, காய்ந்ததும் தட்டிவிடு, பழுப்பு அடி, அதன் மேல் மஞ்சளை லேசாகத் தேய். இருபது நிமிட வேலை. பார்த்தவர்கள் ‘பாலைவனம்’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் அது எந்தப் பாலைவனம் என்று கேட்டால் பதில் இருக்காது. தோல், துணி, துப்பாக்கி, பித்தான் வரை அத்தனை நுணுக்கமாகத் தீட்டப்பட்ட ஒரு வீரன், எங்கேயும் இல்லாத ஒரு மண்ணில் நிற்கிறான். பாலைவன பேஸில் செய்ய வேண்டிய முதல் வேலை மணலை மறப்பது என்பதே என் கட்சி. அழகு பற்றிய விருப்பு வெறுப்பால் இதைச் சொல்லவில்லை. கணக்கும் நிலவியலும் அப்படித்தான் சொல்கின்றன.

கணக்கை முதலில் பார்ப்போம். இந்த ஆட்டங்களில் மிகப் பரவலானது 28 மில்லிமீட்டர் அளவு. நிஜ மனிதனை ஏறத்தாழ ஐம்பத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கியது என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் 25 மில்லிமீட்டர் தட்டு என்பது நிஜத்தில் 1.4 மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் தரை. ஒரு மனிதன் நின்ற இடத்தில் கையில் குச்சியோடு ஒரு சுற்றுச் சுற்றினால் கோடு விழுமே, அவ்வளவுதான். அதற்குள் மணல்மேடு அடங்காது. பத்து மீட்டர் உயர மேட்டை இந்த அளவில் செய்தால் 18 சென்டிமீட்டர் வரும். வீரனைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இனி மணலுக்கு வருவோம். மேடுகளில் குவியும் மணலில் ஒரு துகள் சுமார் 0.3 மில்லிமீட்டர். அதை அப்படியே தட்டில் ஒட்டினால், ஐம்பத்தாறு மடங்கு பெருத்து, வீரனின் கண்ணுக்கு 17 மில்லிமீட்டர் கூழாங்கல்லாகத் தெரியும். கட்டட வேலைக்கு வரும் மணலில் ஒரு மில்லிமீட்டர் துகள் சாதாரணம். அது அவனுக்கு எலுமிச்சம்பழத்தை விடப் பெரிய கல். ஆக, மணல் தூவிய பேஸில் இருப்பது மணல் இல்லை, சரளை. உண்மையிலேயே மணல் போலத் தெரிய வேண்டுமானால் முகத்துக்குப் பூசும் பவுடர் அளவு நயமான பொடி வேண்டும்.

இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இயற்கை இங்கே நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. பாலைவனம் என்றதும் சினிமா காட்டிய அலையலையான மணல்தான் நம் மனதில் எழுகிறது. சஹாராவையே எடுத்துக்கொண்டால், அதில் மணற்கடல் ஏறத்தாழக் கால் பங்குதான். மற்றதெல்லாம் கல்லும் சரளையும் பாறையும் காய்ந்த சேறும். அந்த மண்ணில் வாழ்பவர்கள் இவற்றைப் பேரிட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெற்றுப் பாறை மேட்டுநிலம் ஹமாதா, சரளை பரந்த சமவெளி ரெக், லிபியாப் பக்கம் அதுவே செரீர், மணற்கடல் எர்க். நம் மொழியும் இதில் ஏமாந்ததில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. சங்கப் பாடல்களில் பாலை வழியே போகிறவன் காலை உறுத்துவது பெரும்பாலும் பரல், அதாவது பருக்கைக்கல். மணலை மட்டும் பாலைவனம் என்று எண்ணும் பழக்கம் பிற்பாடு படங்களைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. பரல் என்ற அந்தப் பழைய சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு தட்டை எடுத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒரு நிஜ இடத்தை வைத்துப் பேசினால்தான் இது விளங்கும். பாலைவன ஆட்டங்களில் அதிகம் ஆடப்படுவது இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கக் களம். அதிலும் 1942 அக்டோபர் 23 இரவு தொடங்கி நவம்பர் 4 வரை எகிப்தில் நடந்த எல் அலமெய்ன் சண்டை. வடக்கே மத்தியதரைக் கடல், தெற்கே கடல் மட்டத்துக்கும் கீழே 133 மீட்டர் வரை இறங்கும் கத்தாரா உப்புப் பள்ளம். இரண்டுக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய நிலத்தில்தான் இரு படைகளும் மோதின. அந்த நிலம் சுண்ணாம்புக்கல். மேலே மெல்லிய மணல், அடியில் பாறை. குழி தோண்டக் கடப்பாரையும் வெடியும் தேவைப்பட்டன. தோண்ட முடியாத இடத்தில் கற்களை வட்டமாக அடுக்கி அதற்குள் படுத்துக்கொண்டார்கள். அந்தக் களத்து ருவைசாத் மேட்டில் பிரிட்டிஷ் தரப்பில் நின்ற 4ஆவது இந்திய டிவிஷனுக்கும் இதே பாடுதான். அந்த டிவிஷனின் பொறியாளர்களில் மெட்ராஸ் சேப்பர்ஸ் கம்பெனியும் ஒன்று. அவர்களைப் போன்றவர்கள் அடிக்கு அடி தரையைத் துழாவி வேலை செய்த காலம் அது. எதிரே நின்ற அச்சு நாடுகளின் படை அங்கே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தது. எந்த மண்ணில் உயிர் போகுமோ இருக்குமோ என்று நின்றார்களோ, அந்த மண்ணை இரண்டு சிட்டிகை மஞ்சள் மணலால் ஒப்பேற்றுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

அலமெய்ன் தரை ஒன்றை 25 மில்லிமீட்டர் தட்டில் செய்யும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முதலில் தட்டு முழுக்கச் சுவருக்குப் பூசும் பட்டியை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தடவி, ஈரவிரலால் நீவிவிட வேண்டும். இதுதான் நிஜ மணல். அதாவது துகள் தெரியாத வழுவழுப்பு. பட்டி இறுகும் முன்பே கற்களை வைக்க வேண்டும், வைத்ததோடு விடாமல் அழுத்தவும் வேண்டும். பாலைவனக் கல் தரைமேல் உட்கார்ந்திருக்காது, பாதி புதைந்திருக்கும். காற்று சுற்றியுள்ள நயமான மண்ணை அள்ளிக்கொண்டு போகப் போக, கல் மெல்ல மெல்ல வெளியே தெரிய வரும். பசையில் ஒட்டிய கல்லுக்கும் நிலத்தில் கிடக்கும் கல்லுக்கும் உள்ள வித்தியாசம் இந்தப் புதைவில்தான் இருக்கிறது. கற்களுக்கு டீ வடிகட்டியில் சலித்த மணலில் மேலே தங்கியது போதும். நாலைந்து பெரியது, பத்துப் பதினைந்து நடுத்தரம், அவ்வளவே. ஒரே அளவில் நிரப்பினால் தார்ச்சாலை போல ஆகிவிடும். கடற்கரை மணலானால் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைக்க வேண்டும். உப்பு ஈரத்தை இழுத்துப் பின்னால் பெயிண்டைப் பூக்க வைக்கும். பாறை வேண்டுமென்றால் பட்டியையே தனியாக ஒரு தாளில் தடவி, காய்ந்ததும் நொறுக்கி, தட்டையான சில்லுகளைப் படுத்தாற்போல அடுக்கலாம். சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காகத்தான் உடையும் என்பதால் அது அசலுக்கு மிக அருகில் வரும். கார்க் துண்டைப் பிய்த்து வைப்பதும் உண்டு. ஆனால் கார்க்கின் நுண்துளைகள் எரிமலைப் பாறையின் சாயலைத் தருகின்றன. அலமெய்னுக்கு அது பொருந்தாது.

வண்ணத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். எகிப்தின் அந்தக் கடலோரம் மஞ்சளே இல்லை. சுண்ணாம்புத் துகளால் ஆன கரை மணல் கிட்டத்தட்ட வெள்ளை. உள்ளே போகப் போக ஆறிய பால்டீயின் நிறம். நமீபியாவின் உள்நாட்டு மேடுகள் செம்பழுப்பு, காரணம் துகளைப் போர்த்தியிருக்கும் இரும்பு ஆக்சைடு. ஜோர்டானின் வாடி ரம் சிவப்பு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஜிப்சம் மணலால் ஆன பாலைவனம் ஒன்று பனி போல வெளுத்துக் கிடக்கிறது. ‘பாலைவன மஞ்சள்’ என்று புட்டியில் எழுதியிருப்பது இவற்றில் எதுவும் இல்லை.

வழக்கமான டிரை பிரஷ் முறைக்கும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தூரிகையில் பெயிண்டைத் தொட்டு, துணியில் துடைத்துவிட்டு, மிச்சமிருப்பதை மேடுகளின் மேல் தேய்ப்பார்கள். மேடெல்லாம் வெளுக்கும், பள்ளமெல்லாம் கறுக்கும். காட்டு மண்ணுக்கும் பாறைக்கும் இது அருமையாகப் பொருந்தும். பாலைவனத்தில் பல இடங்களில் நடப்பது நேர்மாறு. நெடுங்காலம் வெயிலில் கிடக்கும் கற்களின் மேல் இரும்பும் மாங்கனீசும் படிந்து, மெருகேற்றினாற்போலக் கறுத்த தோல் ஒன்று உருவாகிறது. கல் கறுப்பு, அடியில் இருக்கும் மண் வெளுப்பு. இதற்குப் பெரிய சான்று பெரு நாட்டின் நாஸ்கா கோடுகள். மேலே கிடந்த கறுத்த கற்களை ஒதுக்கி, அடியிலிருந்த வெளிர் மண்ணைக் காட்டியே அந்தப் பிரம்மாண்ட உருவங்களை வரைந்தார்கள். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1942இல் ஜெனரல் பேட்டன் தன் டாங்கிப் படையைப் பழக்கினார். அந்தச் சங்கிலித் தடங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் தெரிவதற்கும் இதே காரணம்தான். ஆக, இத்தகைய நிலத்தைச் செய்பவர்கள் முறையைத் தலைகீழாக்க வேண்டும். தட்டு முழுக்க வெளிர் நிறம் அடித்து, பிறகு கற்களை மட்டும் தேய்த்துக் கறுப்புப் பழுப்பாக்க வேண்டும். வீரன் காலடியில் இரண்டு கற்களைப் பெயர்த்துப் போட்டு, அவை கிடந்த இடத்தை வெளுப்பாக விட்டால், அவன் இப்போதுதான் அங்கே வந்து நின்றான் என்பது சொல்லாமலே தெரியும்.

காய்ந்த ஏரிப்படுகை இன்னொரு தேர்வு. கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் அக்ரெல்லன் எர்த் என்ற பெயிண்ட், காயும்போது தானே வெடித்துப் பொருக்குத் தட்டும். கனமாகப் பூசினால் பெரிய பாளம், மெல்லியதாகப் பூசினால் சின்னப் பாளம். நிஜத்தில் சேற்றுப் பாளங்கள் உள்ளங்கை அகலத்தில் இருந்தால், இந்த அளவில் அவை ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வரவேண்டும். அதனால் மெல்லிய பூச்சே சரி. வெடிப்புக்குள் நீர்த்த பழுப்பை ஓடவிட்டால் ஆழம் தெரியும். இது எளிதான முறை என்பதாலேயே எல்லோரும் எல்லா வீரனுக்கும் இதையே பூசுகிறார்கள். தண்ணீர் தேங்கி வற்றிய இடத்தில் மட்டுமே இப்படி நடக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மணற்கடலே வேண்டும் என்பவர்களுக்கு நல்ல வழிகாட்டி ரால்ஃப் பாக்னால்ட். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றியவர். 1940இல் பாலைவனத்தின் உள்ளே வெகுதூரம் போய் உளவு பார்க்கும் படைப்பிரிவை உருவாக்கியவர். காற்றுச் சுரங்கத்தில் மணலை ஊதி ஊதிச் சோதித்து, அது எப்படி நகர்கிறது என்று 1941இல் ஒரு நூலும் வெளியிட்டார். மணல் காற்றில் மிதந்து போவதில்லை. துள்ளித் துள்ளிப் போகிறது. ஒரு துகள் விழும் வேகத்தில் இன்னும் சிலவற்றை எகிற வைக்கிறது. அதனால் மணற்காற்று பெரும்பாலும் தரையை ஒட்டியே வீசும். மேலே எழுந்து வானத்தை மறைப்பது அதனினும் நயமான புழுதி. இந்த ஓட்டம் தரையில் விட்டுச்செல்லும் அலைகள் காற்றின் திசைக்குக் குறுக்காக, ஏறத்தாழ பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக விழும். நம் தட்டில் அது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. பட்டி பாதி இறுகிய நேரத்தில் பல்குத்தும் குச்சியைப் படுக்கவைத்து அழுத்தி எடுத்தால் பதினான்கு அலை வரை ஒரு தட்டில் வரும். நேர்கோடாக இல்லாமல் அங்கங்கே இரண்டு அலை பிணைந்து ஒன்றாக முடியட்டும்; நிஜ அலைகள் அப்படித்தான் இருக்கும். ஏதாவது கல் இருந்தால் காற்று மறைவில் மண் வாலாக நீண்டு படிந்திருக்கும். அந்த வாலும் அலையும் ஒரே காற்றைச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் கண்ணுக்கு ஏதோ உறுத்தும், காரணம் பிடிபடாது.

இதற்கெல்லாம் மறுப்பு இல்லாமல் இல்லை. முதல் மறுப்பு கனமானது. இந்த வீரர்களே அளவுக்குள் அடங்குகிறவர்கள் இல்லையே? தலை பெரிது, கை பெரிது, துப்பாக்கிக் குழலும் பருமன். மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்றே சிற்பி எல்லாவற்றையும் கொஞ்சம் ஊதி வைத்திருக்கிறான். அப்படியிருக்க மண்ணை மட்டும் கணக்குப் பார்த்துச் சுருக்குவானேன்? இதில் நியாயம் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் அலையை மூன்றாகவோ ஆழத்தைக் கொஞ்சம் கூட்டியோ செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சிற்பி மிகைப்படுத்தியது இருக்கும் ஒன்றை. மனிதனுக்குக் கை உண்டு, அதைப் பெரிதாக்கினான். அலமெய்னில் இல்லாத மஞ்சள் மணலைக் கொட்டுவது மிகைப்படுத்தல் ஆகாது, வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது.

கற்பனை உலகங்களுக்கு என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. வார்ஹாமரின் பாலைவனக் கல்லறை மன்னர்களுக்கோ, வேற்றுக் கிரகப் படைக்கோ எகிப்தின் சுண்ணாம்புக்கல் எதற்கு? கற்பனையும் ஏதோ ஒரு நிஜ மண்ணிலிருந்துதான் முளைக்கிறது என்பதே என் பதில். ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய ‘டியூன்’ நாவலின் மணற்கிரகத்துக்கு வித்து, அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரையில் ஃபுளோரன்ஸ் ஊர்ப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்திய வேலை. 1957இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போனவர், கடைசியில் ஒரு கிரகத்தையே எழுதினார். கிரகத்துக்கு ஊதா நிறம் அடித்தாலும் சரி, கல் புதைந்திருக்கும் விதமும் காற்றின் திசையும் ஒத்துப்போனால் பார்ப்பவன் நம்பிவிடுவான்.

ஆடும்போது யார் பேஸைப் பார்க்கிறார்கள் என்பவர்களும் உண்டு. தனியாக ஒரு வீரனின் பேஸை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பது வாஸ்தவம். ஆனால் ஐம்பது வீரர்கள் சேர்ந்து நிற்கும்போது அவர்களை ஒரு படையாகக் கட்டுவது அந்தத் தரைதான். ஒரு காலத்தில் வார்ஹாமர் படைகள் பெரும்பாலும் பளிச்சென்ற பச்சைத் தட்டில் நின்றன. அன்றைய மேசைகளும் பச்சை என்பதால் ஒட்டிப் போனது. பாலைவனத் தட்டைப் பச்சை மேசையில் வைத்தால் ஒட்டாது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல களங்களில் ஆடுபவர் ஓர் இடத்துக்குக் கட்டுப்பட்டால் மற்ற இடத்தில் இழப்பார். அவருக்குப் பொதுவான பழுப்புச் சரளை போதும். ஒரே படையை ஒரே போருக்கென்று தீட்டுபவருக்கு அந்தச் சாக்கு இல்லை. செலவும் தடை ஆகாது. புட்டியில் வரும் விலையுயர்ந்த கலவைகளில் இருப்பது பெரும்பாலும் துகள் கலந்த பசைதான். பட்டி, அலசிய மணல், சாக்பீஸ் பொடி ஆகியவற்றைக் கொண்டே அந்த வேலையைச் செய்யலாம்.

கடைசியாகச் செடி. கடைகளில் கிடைக்கும் புல் கொத்துகள் பச்சைப் பசேலென்று வரும். அலமெய்னைச் சுற்றியுள்ள எகிப்தின் மேற்குப் பாலைவனத்து ஒட்டக முட்புதர் சாம்பல் பூத்த மங்கல் பச்சை. தேங்காய் நாரை அரை சென்டிமீட்டருக்கு வெட்டி, அடியில் ஒரு பொட்டுப் பசை வைத்து, பிரித்து விட்டு, மேலே வெளிர் சாம்பல் தொட்டால் காய்ந்த முள்ளாகவே நிற்கும். மூன்று தட்டுக்கு ஒரு புதர் போதும். தண்ணீருக்குப் போட்டியிடும் செடிகள் விலகியே வளரும். விளிம்பைப் பழுப்பில் சுத்தமாக ஒரு சுற்று அடித்த பிறகு, தரையின் நிறத்திலேயே சாக்பீஸ் பொடியைக் காய்ந்த தூரிகையில் தொட்டு, வீரனின் பூட்ஸிலும் கால்சட்டையின் கீழ் மடிப்பிலும் தட்டிவிட வேண்டும். துள்ளும் மணல் தரையை ஒட்டியே வீசுவதால் முழங்காலுக்கு மேல் அழுத்தமாகப் படிய வேண்டியதில்லை. தோளில் லேசாக ஒரு புழுதி போதும். அந்தத் தூள் பூட்ஸின் தையல் இடுக்கில் ஏறி உட்கார்ந்ததும், அவ்வளவு நேரம் தட்டின் மேல் ஒட்டிவைத்தது போல இருந்தவன் அந்த நிலத்தில் நடந்து வந்தவனாகத் தெரிவான்.